ஒன்பதாவது ஷரத்து

கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு அதற்கப்புறம் ஆலோசனை கேட்க வருகிறவர்களைக் கண்டால் வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று காலையில் வந்தவர் ஒரு ஐஸ் வியாபாரி. மீன் குடோன் ஒன்றுக்கு வருஷம் முழுக்க ஐஸ் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தார். வக்கீலுக்கு எதற்குத் தண்டம் அழுவது என்று, சிநேகிதர் ஒருவரின் நாற்காலி வாடகை ஒப்பந்தத்தை வாங்கி, நாற்காலி என்று வந்த இடத்திலெல்லாம் ஐஸ் என்று மாற்றி அச்சடித்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வக்கீலம்மா ஒரு வரியை விரலால் தொட்டு உரக்கப் படித்தாள். "'கெடு முடிந்ததும் மேற்படி ஐஸை, பெற்றுக்கொண்ட அதே நிலையில், உடைசல் ஏதுமின்றித் திருப்பி ஒப்படைக்க வேண்டியது.' சார், இதைப் படிச்சீங்களா?"

"படிக்கிறதுக்குத்தானேம்மா உங்ககிட்ட கொண்டாந்திருக்கேன்."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கொண்டு வரணும்."

"அப்போ அவசரமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ சண்டையா இருக்கு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். அந்தப் பேனாவினால்தான் கடைத்தெருவில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு மாடிப்படியில் நின்றுகொண்டே "சிவப்பு மை இருக்காங்களா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவளும் "இருக்கேன், ஏறி வாங்க" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. படி மிகக் குறுகல், ஆகையால் கட்சிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். மேலே வந்து சேர்ந்த பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போட முடியும். கோர்ட்டுக்கு அவள் அதிகம் போனதில்லை. நாலு பேரைக் கோர்ட்டுக்குப் போகவிடாமல் செய்வதே தன் தொழில் என்பாள். அதற்கென்று ஒரு முறையும் வைத்திருந்தாள். வரைவு தயாரானதும் இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைப்பாள். அவரவர் கடமையை அவரவர் படிக்கக் கூடாது. இவர் செய்ய வேண்டியதை அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் செய்ய வேண்டியதை இவர் படிக்க வேண்டும். தான் செய்ய வேண்டியதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிற ஆள், எதிராளி செய்ய வேண்டியதை மட்டும் எழுத்து எழுத்தாகப் படிப்பான் என்பது அவள் கண்ட உண்மை.

இந்தக் குணம் புதிதாக வந்ததல்ல. சின்ன வயதில் தாயக்கட்டையோ அட்டை விளையாட்டோ எதைக் கொண்டுவந்து வைத்தாலும், பெட்டிக்குள் இருக்கிற விதிமுறைத் தாளை முதலில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவாள். அவள் படித்து முடித்து வருவதற்குள் மற்றவர்கள் இரண்டு ஆட்டம் ஆடி முடித்திருப்பார்கள். வந்ததும் "அந்த ரெண்டு ஆட்டமும் செல்லாது" என்பாள். அடி வாங்கியிருக்கிறாள், ஆனால் ஒரு தடவைகூட வாபஸ் வாங்கியதில்லை. பள்ளி முடித்ததும் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலைக்குப் போனாள். ஊரார் ஒப்பந்தங்களை அடித்து அடித்து, அடிக்கிறபோதே இது எங்கே போய் இடிக்கும் என்று தெரிய ஆரம்பித்தது. மாலைக் கல்லூரியில் சேர்ந்து சட்டம் படித்தாள். அந்த வீட்டில் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள் அவள்தான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அவளுடைய அக்கா, தன் லாண்டரியில் ஆயிரம் துணியை மெஷினில் விட்டாலும், அந்தக் கோட்டை மட்டும் கையால்தான் தேய்ப்பாள். காலரின் உள்பக்கத்தைக்கூட விடமாட்டாள்.

அந்த அக்காதான் ஐஸ் வியாபாரி இறங்கிய கையோடு படியேறி வந்தாள். பின்னாலேயே அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. எல்லாரும் 'சின்னவள்' என்று கூப்பிடுவார்கள். அக்காவும் சின்னவளும் சேர்ந்துதான் லாண்டரி நடத்தினார்கள். அவர்களுடைய புருஷன்மாரான அண்ணன் தம்பி இருவரும் வேன் ஓட்டித் துணி எடுத்து வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதுமாக இருந்தார்கள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

"ஏய், ஒரு பேப்பர் எழுதிக் குடுடி" என்றாள் அக்கா, உட்காருவதற்கு முன்னாலேயே. "ரெண்டு வரி போதும். நாங்க ரெண்டு பேரும் பார்ட்னர்னு."

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் படுக்கை விரிப்பு, திரை, அங்கி எல்லாவற்றையும் வெளியே சலவைக்குக் கொடுக்கப் போகிறது. கொள்முதல் அதிகாரி லாண்டரியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், பிடித்திருக்கிறது. ஆனால் பாகஸ்தர்களுக்குள் முறையான ஒப்பந்தம் இல்லாத கடைக்கு வேலை தர விதி இல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாண்டரிக்குப் போய்விடும். இந்த வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் புது மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"எழுதறேன்" என்றாள் சிவப்பு மை. "ஆனா நான் உனக்குத் தங்கச்சி. சின்னக்காவுக்கு வேற வக்கீல் வேணும்."

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏன், நீ அவளை ஏமாத்திடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"மாட்டேன்னு நானே சொல்லக் கூடாது. அதான்."

சின்னவள் அதிகம் பேசாதவள். "நீ எழுது பாப்பா, எங்க காட்டறியோ அங்க போடறேன்" என்று மட்டும் சொன்னாள். எந்த இடத்தில் காட்டினாலும் போடுவேன் என்பதைப் போல எரிச்சலூட்டுகிற வாக்கியம் சிவப்பு மைக்கு வேறு இல்லை. அன்று மாலையே, அடுத்த தெருவில் இருந்த ஒரு வக்கீலிடம் சின்னவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். அந்த மனிதரை வக்கீல்களுக்குள்ளே 'ஆட்சேபணை' என்பார்கள். ஹோட்டலில் காபி கேட்டு, காபி வந்தாலும் ஆட்சேபிப்பார்.

முதல் எட்டு ஷரத்தும் சிக்கலில்லாமல் போயின. முதலீடு, வேலைப் பங்கீடு, லாபம், கையெழுத்து அதிகாரம், எல்லாம் சரி. ஒன்பதாவதில்தான் வண்டி நின்றது. பாகஸ்தர்களில் ஒருவர் விலகினால் மெஷின்களும் கடையும் யாருக்கு?

"நாங்க எதுக்குடி விலகணும்?" என்று கேட்டாள் அக்கா.

"விலகணும்னு சொல்லலை. விலகினா."

"நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப இதென்ன பேச்சு? வெறுமனே விட்டுடு."

"வெறுமனே விட்டா ஆஸ்பத்திரிக்காரன் எடுத்துக்க மாட்டான். அவனுக்கு உங்க பாசம் வேண்டாம்க்கா. ஒருத்தி போயிட்டா நாளைக்கு விரிப்பு வருமான்னு தெரியணும்."

 அக்கா சடக்கென்று, "அப்போ எல்லாத்தையும் சின்னவளுக்கே எழுதிடு. யார் போனாலும் சரி, எல்லாம் அவளுக்கு" என்றாள்.

"நீயே கடையில இருக்கறப்ப அவங்க விலகினாலும் அவங்களுக்கா?"

"ஆமா."

"அக்கா, விலகிப் போறவங்க எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போவாங்க, இருக்கிறவ தெருவுல நிப்பாளா?"

"எழுதுன்னா எழுது. வாயில்லாப் பூச்சி, அவளுக்குப் போகட்டும்."

சிவப்பு மை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆட்சேபணைக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததுமே கத்தினார். "மேடம், ஒன்பதாவது ஷரத்துக்கு எனக்குக் கடுமையான ஆட்சேபணை. எல்லாமே உங்க கட்சிக்காரருக்குத்தான் போகணும்னு என் கட்சிக்காரர் ஒரே பிடியா நிக்கறாங்க."

"என்ன?"

"ஒரு ஹேங்கர்கூட வேண்டாமாம்."

"என் கட்சிக்காரரும் வேண்டாம்கிறாங்க."

"அதை ஏத்துக்க முடியாது!" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.  தன் பக்கத்துக்கு அதிகம் வாங்கித் தருவதற்குத்தான் இருவரும் படித்திருந்தார்கள். குறைவாக வாங்கித் தருவதற்கு எப்படி வாதாடுவது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அடுத்த நாலைந்து நாள் அதைத்தான் செய்தார்கள். இவள் வரைவு அனுப்புவாள், எல்லாம் சின்னவளுக்கு என்று. அவர் அடித்துத் திருத்தி அனுப்புவார், எல்லாம் அக்காவுக்கு என்று. சரி, பாதி பாதி என்று இவள் எழுதினால் இரண்டு கட்சிக்காரர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"இதுக்குப் பேசாம ரெண்டு பேரும் அடிச்சுக்கலாம்" என்றாள் சிவப்பு மை. "சண்டைன்னா எனக்கு எழுதத் தெரியும். இந்த நல்ல மனசுதான் என் உயிரை வாங்குது."

புதன்கிழமை மத்தியானம் அவள் பொறுமை இழந்து லாண்டரிக்கே போய்விட்டாள். வக்கீலாக அல்ல, நாலு கேள்வி கேட்டு நறுக்கென்று பதில் வாங்கிக்கொண்டு வர.

உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. அக்கா கவுன்டரில் இருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கையில் இருந்த மேஜை விரிப்பின் கறையை முகர்ந்து பார்த்தபடி ஒரு ஹோட்டல் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இது எங்க கறை இல்ல சார், உங்க கறை. எண்ணெய்க்கு மேல நீங்க சுடுதண்ணி ஊத்தியிருக்கீங்க. எடுத்துக் குடுக்கறேன், ஆனா சத்தம் போடாதீங்க." அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது போலிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே அவன் மகளுடைய பரீட்சையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள்.

பின்கட்டில் பாய்லர். அதன் பக்கவாட்டில் காதை வைத்துக்கொண்டு சின்னவள் நின்றிருந்தாள். ஏதோ ஒரு திருகை அரை விரற்கடை திருப்பினாள். மறுபடி காதை வைத்தாள். "நேத்து ராத்திரியிலிருந்து இருமுது" என்றாள் சிவப்பு மையிடம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி. அப்போது பாய்லர் வால்வு புஸ்ஸென்று சீறியது. கவுன்டரிலிருந்து வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே திரும்பி, வெளிவாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். அந்த இரும்பைத் தாண்டி அவள் ஒருநாளும் நடந்ததில்லை.

கவுன்டரில் போன் மணி அடித்தது. கவுன்டருக்குக் கிட்டத்தில் நின்றது சின்னவள்தான். அவள் இரண்டு கையையும் நுரை வாளிக்குள் முக்கிக்கொண்டாள். "கை ஈரம்" என்றாள் யாரையும் பார்க்காமல்.

சிவப்பு மை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அக்காவைத் தேய்ப்பு மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, சின்னக்கா இல்லைன்னா இந்த பாய்லரை யாரு பாப்பா?"

"அவ எங்க போறா?"

"போனா?"

"போக மாட்டா. அதுக்குத்தானேடி..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்தினாள். சிவப்பு மை விடவில்லை. "எதுக்குத்தானே?"

"அவ அண்ணன் மில்லு வச்சிருக்கான் தெரியுமில்ல. அங்க பாய்லர் பாக்கறதுக்கு இவளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். சம்பளம், வீடு, எல்லாம். எல்லாம் இவ பேர்ல இருந்துட்டா எப்படி விட்டுட்டுப் போவா? அவ போயிட்டா இந்த இரும்பையெல்லாம் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

 சிவப்பு மை நேராகச் சின்னவளிடம் போனாள். கேட்கிற விதத்தில் கேட்டதும் சின்னவள் நுரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அக்காவோட பையன் வெளியூருக்கு வந்துடு வந்துடுன்னு போன் பண்றான். போயிட்டாங்கன்னா இந்த மேனேஜருங்ககிட்ட யாரு பேசுவா? எனக்கு நாலு வார்த்தை வராது பாப்பா. எல்லாம் அக்கா பேர்ல இருந்தா அக்கா போக மாட்டாங்க."

"இதை நீங்க அவங்ககிட்ட கேட்கலாமே, போறீங்களான்னு?"

"கேட்டா, ஆமான்னு சொல்லிட்டா?"

ஆக, நாலைந்து நாளாக இரண்டு வக்கீல்கள் மண்டையை உடைத்துக்கொண்டது பெருந்தன்மைக்காக இல்லை. ஒவ்வொருத்தியும் மற்றவளைக் கட்டிப்போட ஆளுக்கொரு கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு மை ஒரு சோப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே கூரைக்குக் கீழ இருக்கீங்க. இதைக் கேட்க ரெண்டு வக்கீல் வச்சிருக்கீங்க!"

"நாங்களா வச்சோம்?" என்றாள் அக்கா. "நீதானே வேற வக்கீல் வேணும்னே?"

சிவப்பு மை பெட்டியை விட்டு எழுந்தாள்.

அங்கேயே, தேய்ப்பு மேஜையின் ஓரத்தில், ஒன்பதாவது ஷரத்தைப் புதிதாக எழுதினாள். மெஷின் யாருக்கு என்பது பாதி பாதியாகச் சுருங்கி ஒரே வரியில் முடிந்தது. மிச்சமெல்லாம் வேறு. விலக நினைக்கிற பாகஸ்தர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தன் வேலையை மற்றவருக்கு முழுதாகக் கற்றுக்கொடுத்து, அவர் தனியாகச் செய்வதைக் கூட இருந்து பார்த்த பிறகே விலக வேண்டும். அதற்குத் தயாராக இப்போதிருந்தே வாரத்தில் ஒருநாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மாடி அறையில் வாசிப்பு. ஆட்சேபணையும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னவளுடைய கடமையை அக்கா படித்தாள். அக்காவுடையதைச் சின்னவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒன்பதாவது வந்ததும் சின்னவள் நிறுத்தினாள்.

"'கற்றுக்கொடுக்கும் காலம் மூன்று மாதம்.' மூணு மாசத்துல பாய்லரைக் கத்துக்கலாம். ஜனங்ககிட்ட பேசறது மூணு மாசத்துல வராது. ஆறு போடு."

"என்னடி, நான் சாதாரண வேலையா செய்யறேன்னு இத்தனை நாள் நினைச்சே, இப்போ ஆறு மாசமா?" என்று அக்கா பாய்ந்தாள். "அப்போ பாய்லருக்கும் ஆறு. எனக்குப் பயம் போகவே மூணு மாசம் ஆகும்."

"பயம் போற காலம் தனி. அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

"ஆட்சேபிக்கிறேன்" என்றார் ஆட்சேபணை, யாருக்காக என்று தெரியாமலே.

சிவப்பு மை நாற்காலியில் சாய்ந்தாள். அந்த வாரத்திலேயே முதல் முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. இதோ, இது ஒப்பந்தம். நாலு மாதம் என்று முடிந்தது. பயம் போகிற காலம் தனி ஷரத்தாகச் சேரவில்லை, ஆனால் முதல் நாள் சின்னவள் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். அதையும் எழுதச் சொல்லி அக்கா அடம் பிடித்தபோது சிவப்பு மை மறுத்துவிட்டாள். எழுதியிருக்கலாமே என்று பிற்பாடு அவளுக்கே தோன்றியது.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொள்முதல் அதிகாரி ஒப்பந்தத்தை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை, ஒன்பதாவது ஷரத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இரண்டு கையெழுத்தும் சாட்சிகளும் இருக்கின்றனவா என்று பேனா நுனியால் தொட்டுப் பார்த்து, முத்திரை குத்தினார்.

"அவ்வளவுதானா?" என்றாள் சிவப்பு மை. அவள் குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது.

"அவ்வளவுதான் மேடம். திங்கட்கிழமையிலிருந்து துணி எடுத்துக்கலாம்."

"நடுவுல ஒரு ஷரத்து இருக்கு சார், கொஞ்சம் படிச்சீங்கன்னா..."

அக்கா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வேன் நிற்கிற இடம் வரைக்கும் சிவப்பு மை புலம்பிக்கொண்டே வந்தாள். படிக்காத ஜனங்களுக்காக எழுதுகிறேனா, படிக்காத ஆபீசுக்காக எழுதுகிறேனா, யாருக்காகத்தான் எழுதுகிறேன் என்று.

"எங்களுக்காக எழுதினே" என்றாள் சின்னவள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்பு மை தன் கோட்டை வாங்க லாண்டரிக்குப் போனாள். கவுன்டரில் சின்னவள் இருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம்... ம்... இல்ல சார்... ம்... உங்க கறை சார்" என்றாள். வைத்ததும் ஏதோ சுமையை இறக்கி வைத்தது போல ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். பின்கட்டில் பாய்லர் சீறியது. கூடவே "ஐயோ, இது என்னமோ பண்ணுது, சின்னவளே!" என்ற அலறல். "பெரிய திருகு இல்லக்கா, சின்னது!" என்று சின்னவள் இருந்த இடத்திலிருந்தே கத்தினாள், போகவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை மாற்றிக்கொள்கிற நாள், அவள் கவுன்டரை விட்டு நகரக் கூடாது.

அக்கா முகம் சிவந்து, தலைமுடி நீராவியில் சுருண்டு, கையில் கறுப்புக் கோட்டோடு வந்தாள். கோட்டின் முதுகில், நடு மத்தியில், மெஷின் தேய்ப்புத் தட்டின் வடிவத்தில் பளபளவென்று ஒரு தழும்பு.

"அக்கா! என் கோட்டு! நீ கையாலதானே தேய்ப்பே?"

"இன்னைக்கு நான் மெஷின் பக்கம்டி. கையால தேய்க்கறது கவுன்டர் வேலை, அவளோடது. ஆத்திரப்படாதே. எழுதினது நீதான்."

 சிவப்பு மை ஒன்பதாவது ஷரத்தை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். கற்றுக்கொள்ளும்போது பாழாகிற துணிக்கு யார் பொறுப்பு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

தழும்பு விழுந்த கோட்டை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, அவள் அதே சோப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் இங்க வாங்க" என்றாள். "அந்த அடுத்த தெரு மனுஷனுக்கும் ஒரு போன் போடுங்க."

"நான் போடறேன்" என்றாள் சின்னவள், போனை எடுத்து.